கைப்பிடி முனையில் ஒரு குட்டிச் சக்கரம்

அல்சூரிலிருந்து ஒரு கல்லூரி மாணவி கேட்டிருக்கிறார்: “விமானி அறைப் படங்களில் ஒரு கைப்பிடியின் முனையில் மட்டும் சின்னச் சக்கரம் இருக்கிறதே, அழகுக்காகவா?”

இல்லை. விமானத்தின் சக்கரங்களை மடக்கவும் இறக்கவும் உதவும் கைப்பிடி அது. அந்த வடிவம் உடைந்த விமானங்கள் கற்றுக்கொடுத்த பாடம். இரண்டாம் உலகப் போரில் பி-17 குண்டுவீச்சு விமானங்கள் பல ஒழுங்காகத் தரையிறங்கிய பிறகு, ஓடுபாதையிலேயே வயிறு தட்டிப் படுத்தன. இறக்கையின் ஃபிளாப்பை (பின்விளிம்பில் நீட்டி மடக்கும் பலகை) உள்ளிழுக்க நினைத்த விமானி, சக்கரத்தை மடக்கிவிட்டிருந்தார். அல்ஃபான்ஸ் சபானிஸ் என்ற உளவியலாளர் விமானியை விட்டுவிட்டு அறையைப் பார்த்தார். இரண்டு சுவிட்சுகளும் ஒரே மாதிரி, பக்கத்துப் பக்கத்தில். அமைப்பு வேறாக இருந்த சி-47 சரக்கு விமானத்தை ஓட்டியவர்கள் இப்படித் தடுமாறவில்லை. சபானிஸ் சக்கரத்துக்கான சுவிட்சுக்குச் சக்கர வடிவம், ஃபிளாப்புக்கானதற்கு ஆப்பு வடிவம் கொடுத்தார். உப்புக்குப் பீங்கான் ஜாடி, சர்க்கரைக்குத் தகர டப்பா வைத்த பாட்டிமார்களுக்கு இது புதிதல்ல. கரண்ட் போனாலும் கைக்குத் தெரியும்.

வடிவம் பாதி வேலைதான் செய்கிறது. எனக்கு மிகவும் பிடித்தது கைப்பிடிக்குள் இருக்கும் தாழ்ப்பாள். விமானத்தின் எடை சக்கரக் கால்மேல் இறங்கியதும், எண்ணெயும் வாயுவும் அடைத்த அந்தக் கால் அமுங்குகிறது. அமுக்கத்தைச் சென்சார் உணர்ந்து, ‘தரையில் இருக்கிறோம்’ என்கிறது, கைப்பிடி பூட்டிக்கொள்கிறது. மேலெழுந்ததும் கால் நீள்கிறது, மின்சுருளில் மின்சாரம் பாய்ந்து தாழ்ப்பாளை இழுத்துக்கொள்கிறது.

சென்சாரே பொய் சொன்னால்? பறந்துகொண்டிருக்கும்போது ‘தரை’ என்று அடம்பிடித்தால்? தொங்கும் சக்கரங்கள் காற்றைக் கிழித்து விமானத்தைப் பின்னுக்கு இழுக்கும். அந்நேரம் ஒரு எஞ்சினும் நின்றிருந்தால் மேலேறுவதே பெரும்பாடு. அதனால் போயிங் 737-இல் அந்தக் கைப்பிடியிலேயே ஒரு விசை வைத்திருக்கிறார்கள். அதை விரலால் அழுத்திப் பிடித்தால் பூட்டை மீறித் தூக்கலாம். தவறிப்போய்க் கை பட்டால் நடக்காது. வேண்டுமென்று செய்தால் உடனே நடக்கும். இவ்வளவு சின்ன இடத்தில் இவ்வளவு நிதானமான சிந்தனையை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

மீற வழியில்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை 1993 செப்டம்பரில் வார்சா விமான நிலையம் காட்டியது. நனைந்த ஓடுபாதையில் ஏர்பஸ் ஏ320 பயணிகள் விமானத்தின் வலது சக்கரங்கள் தொட்டன. இடது சக்கரங்கள் தொட ஏறக்குறைய 9 நொடி ஆனது. இரண்டு கால்களும் அமுங்கி ‘தரை’ என்று சொல்லாதவரை, வேகத்தைக் குறைக்கும் எஞ்சினின் எதிர்விசை திறக்காது. விமானம் பாதை கடந்து மண்மேட்டில் மோதி, 2 பேர் இறந்தார்கள்.

நம் பெங்களூரும் இதை அறியும். 1990 பிப்ரவரி 14, எச்ஏஎல் விமான நிலையத்தை நெருங்கிய ஏ320-இல் எஞ்சின்கள் குறைந்த விசை நிலையிலேயே இருந்தன. வேகம் சரிவதை விமானிகள் கவனித்தபோது நேரம் கடந்துவிட்டது. 92 உயிர்கள். ‘விதி’ என்று சொன்னவர்களும் ‘பைலட் தப்பு’ என்று சொன்னவர்களும் அதோடு யோசிப்பதை நிறுத்திக்கொண்டார்கள். எனக்கு இரண்டும் ஒன்றுதான். விமானவியலுக்கு என்ஏஎல் ஆய்வகமும் ஐஐஎஸ்சி அறிவியல் கழகமும் இருக்கும் ஊர் இது. எஞ்சினுக்கும் இறக்கைக்கும் செலவழிப்பதில் ஒரு பங்காவது, களைத்துப்போன மனிதக் கை எங்கே தடுமாறும் என்ற ஆராய்ச்சிக்குப் போக வேண்டும்.

அடுத்த முறை தேவனஹள்ளி விமான நிலையத்திலிருந்து கிளம்பும்போது காது கொடுங்கள், தங்கையே. தரை விட்ட சில நொடிகளில் காலடியில் ‘கடகட’வென்று ஒரு சத்தம், பிறகு கதவு மூடுவதுபோல் ஒரு ‘தொம்’. அதற்குக் கொஞ்சம் முன்னால், அந்தக் குட்டிச் சக்கரத்தை ஒரு கை பற்றியிருக்கும்.