கூப்பிட்டால் திரும்புகிறானே, அப்புறம் எதற்குக் காதுச் சோதனை?

கும்பகோணம் பக்கத்திலிருந்து ஒரு பாட்டி எழுதியிருக்கிறார். பேரனுக்கு இரண்டு வயது மூன்று மாதம். ‘அம்மா’, ‘தா’, ‘பூ’, இவ்வளவுதான் பேச்சு. ஸ்பீச் தெரபிஸ்ட்டிடம் அழைத்துப் போயிருக்கிறார்கள். “அந்தப் பெண் பிள்ளையின் வாயைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. முதலில் காதைச் சோதித்துவிட்டு வாருங்கள் என்று எழுதிக் கொடுத்துவிட்டாள். அவனுக்குக் காது நன்றாகவே கேட்கிறது. கூப்பிட்டால் திரும்புகிறான், குக்கர் விசில் அடித்தால் அடுப்படிக்கு ஓடி வருகிறான். பேசாத பிள்ளைக்குக் காதில் என்ன சோதனை? காசு பிடுங்கும் வேலையா?”

இல்லை அம்மா. காதைப் பார்க்காமல் பேச்சுப் பயிற்சியைத் தொடங்கியிருந்தால்தான் நான் சந்தேகப்பட்டிருப்பேன்.

காதில் விழாத மொழி வாயில் வராது என்பது பள்ளிக்கூடப் பாடம், அதை விட்டுவிடுவோம். சிக்கல் ‘கேட்கிறது’ என்ற சொல்லில் இருக்கிறது. பிள்ளையை நாம் எப்படிக் கூப்பிடுகிறோம்? “டேய் கண்ணாஆஆ!” உயிரெழுத்தை இழுத்து, தொண்டையைத் திறந்து. உயிரொலிகளுக்குப் பலம் அதிகம், தாழ்ந்த அதிர்வெண்ணில் வருபவை, சுவரைத் தாண்டியும் போகும். க், ச், ட், த், ப் எல்லாம் அப்படியல்ல. நொடியில் நூறில் சில பங்கு நேரம் மெலிதாக வெடித்து மறைந்துவிடும். ‘பட்டு’, ‘தட்டு’, ‘கட்டு’ மூன்றையும் பிரிப்பது அந்த முதல் வெடிப்பும் அதை ஒட்டிய நெளிவும்தான். சாதாரணப் பேச்சு சுமார் 60 டெசிபல். அதில் 30 டெசிபல் குறைந்துபோனால் என்ன ஆகும்? பக்கத்து அறையில் கதவைச் சாத்திக்கொண்டு பேசுகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். யாரோ பேசுகிறார்கள் என்று தெரியும், என்ன பேசுகிறார்கள் என்று தெரியாது. உயிர் வந்து சேர்ந்துவிடுகிறது, மெய் வழியிலேயே போய்விடுகிறது.

பேச்சுத் தமிழில் இன்னொரு வம்பும் உண்டு. ‘வந்தான்’, ‘வந்தாள்’ இரண்டையும் நாம் முழுதாகச் சொல்வதில்லை. ‘வந்தா’ என்று முடித்துவிடுகிறோம், ஆணுக்கு மட்டும் கடைசியில் மூக்கில் ஒரு சின்ன இழுப்பு. அரைகுறையாகக் கேட்கும் குழந்தைக்கு மாமா வந்ததும் அத்தை வந்ததும் ஒன்றுதான். ஆக, கூப்பிட்டால் திரும்புவது, பின்னால் நின்று தட்டைத் தட்டினால் திடுக்கிடுவது, இதெல்லாம் காது முழுச் செவிடில்லை என்பதற்குத்தான் சாட்சி. மொழி கற்க அந்தக் காது போதுமா என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

சரி, இரண்டு வயதுப் பிள்ளையிடம் “சத்தம் கேட்டால் கையைத் தூக்கு” என்று சொல்ல முடியுமா? பிறந்து இரண்டே நாளான சிசுவிடம்? இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த சங்கதி வருகிறது. பிள்ளையைக் கேட்கவே வேண்டாம், காதையே கேட்கலாம். காது பதில் சொல்லும். உவமைக்காகச் சொல்லவில்லை, காது உண்மையிலேயே சத்தம் போடும்.

பேச்சு தாமதமான என் அக்கா பேரனுக்கு இந்தச் சோதனை நடந்தபோது நானும் கூட இருந்தேன். பையன் அவன் அம்மா மடியில் தூங்கிக்கொண்டிருந்தான். ஆடியாலஜிஸ்ட் சுண்டுவிரல் நுனி அளவு ரப்பர் முனை ஒன்றை அவன் காதில் மெதுவாகச் செருகினார். அதற்குள் குட்டி ஸ்பீக்கரும் குட்டி மைக்கும் இருக்கின்றன. ஸ்பீக்கர் ‘டிக், டிக்’ என்று தட்டுகிறது. செவிப்பறையில் பட்டு உடனே திரும்பும் எதிரொலியைக் கருவி ஒதுக்கிவிட்டுக் காத்திருக்கிறது. நொடியில் ஆயிரத்தில் ஐந்து முதல் பதினைந்து பங்கு நேரம் கழித்து, உள்ளிருந்து மிக மெல்லிய ஒலி ஒன்று வெளியே வர வேண்டும். நூற்றுக்கணக்கான முறை தட்டி சராசரி எடுத்தால் மின்விசிறிச் சத்தம், மூச்சுச் சத்தம் எல்லாம் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும், காதின் குரல் மட்டும் மிஞ்சும். ஓ.ஏ.இ. என்று சீட்டில் எழுதித் தருவது இந்தச் சோதனையைத்தான்.

காது எதற்குச் சத்தம் போட வேண்டும்? உட்செவியில் இருக்கும் காக்லியா நத்தை ஓடு மாதிரி இரண்டரைச் சுற்று சுருண்டது, நீட்டினால் ஏறத்தாழ 35 மில்லிமீட்டர். உள்ளே திரவம், நடுவே ஒரு சவ்வு. கீச்சுக்குரல் வாசலருகிலும் கட்டைக்குரல் உட்கோடியிலுமாக, வீணை மெட்டுப் போல ஒவ்வொரு சுருதிக்கும் அந்தச் சவ்வில் ஓர் இடம். இதைக் கண்டு சொன்ன பெகேஷி என்ற விஞ்ஞானிக்கு 1961-இல் நோபல் கிடைத்தது. ஆனால் அவர் பார்த்தவை பெரும்பாலும் இறந்தவர்களின் காதுகள். அந்தக் காதுகளில் சவ்வின் அசைவு மொண்ணையாக, பரவலாக இருந்தது. உயிருள்ள மனிதரோ பக்கத்துப் பக்கத்துச் சுருதிகளைத் துல்லியமாகப் பிரிக்கிறார்.

இந்த முரண்பாடு தாமஸ் கோல்ட் என்பவரை முன்னமே உறுத்தியிருந்தது. போர்க்காலத்தில் ராடார் வேலை பார்த்த இளைஞர். 1948-இல் அவர் வாதம் இது: தண்ணீருக்குள் வீணைக் கம்பியை மீட்டினால் சட்டென்று அடங்கிவிடும். காதுக்குள் இருப்பதும் திரவம்தானே? அப்படியும் கூர்மையாக அதிர்கிறது என்றால், ஊஞ்சலை ஒருவர் சரியான தருணத்தில் உந்திவிட்டுக்கொண்டே இருப்பதுபோல, உள்ளே ஏதோ ஒன்று சக்தி ஊட்ட வேண்டும். காதுக்குள் ஒரு ஆம்ப்ளிஃபயர் இருக்க வேண்டும். அப்படி இருந்தால், கல்யாண மண்டபத்தில் மைக்கை ஸ்பீக்கர் பக்கம் கொண்டுபோனால் ‘கூ’ என்று கத்துமே, அதேபோல் காதும் சில நேரம் சத்தம் போட வேண்டும்! மைக் வைத்துத் தேடியும் பார்த்தார். அந்தக் காலத்து மைக்குக்கு அது அகப்படவில்லை. யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவுமில்லை. கோல்ட் வானியலுக்குப் போய்விட்டார். பேரண்டத்துக்குத் தொடக்கமே இல்லை என்று அதே 1948-இல் அவரும் நண்பர்களும் சொன்னது தவறாகிப்போனது, காதைப் பற்றிச் சொன்னது சரியாக இருந்தது.

முப்பது ஆண்டுகள் கழித்து லண்டனில் டேவிட் கெம்ப் காதிலிருந்து வரும் அந்த ஒலியைப் பதிவு செய்து 1978-இல் வெளியிட்டார். ஆம்ப்ளிஃபயர் யார் என்பது 1985-இல் தெரிந்தது. காக்லியாவில் இரண்டு வகை ரோமச் செல்கள். உள்வரிசையில் சுமார் 3,500, இவைதான் மூளைக்குச் செய்தி அனுப்புபவை. வெளிவரிசைகள் மூன்றில் சுமார் 12,000. இந்த வெளிச் செல்லில் மின்னழுத்தம் மாறினால் அது நீண்டு சுருங்குகிறது என்று வில்லியம் பிரவுனல் கண்டார். கண்ணாடித் தகட்டில் தனியாகப் பிரித்துவைத்த ஒரே ஒரு செல், ராக் அண்ட் ரோல் பாட்டின் தாளத்துக்கு எகிறிக் குதிக்கும் வீடியோ ஒன்று உண்டு. எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்கவில்லை. அதை ஆட்டுவிக்கும் புரதத்தை 2000-இல் கண்டுபிடித்து பிரெஸ்டின் என்று பெயர் வைத்தார்கள். மேற்கத்திய இசையில் துரித கதியைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்த பெயர். தசை இந்த வேகத்தைக் கனவிலும் நினைக்க முடியாது, நொடிக்குப் பல ஆயிரம் முறை. (வௌவாலுக்கும் டால்ஃபினுக்கும் நெருங்கிய உறவு இல்லை. ஆனாலும் எதிரொலியை நம்பிப் பிழைக்கும் இரண்டுக்கும் பிரெஸ்டினில் ஒரே மாதிரி மாற்றங்கள் வந்திருக்கின்றன.)

வெளிச் செல்கள் சவ்வை உந்தும்போது அதிர்வில் கொஞ்சம் பின்னோக்கி வழிந்து, நடுச்செவியின் குட்டி எலும்புகள் வழியாகச் செவிப்பறையைத் தட்டுகிறது. செவிப்பறையே இப்போது ஸ்பீக்கர். சோதனையின் இன்னொரு வகை இன்னும் அழகு. இரண்டு சுருதிகளைச் சேர்த்து அனுப்புவார்கள். எளிய கணக்குக்காக 1000, 1200 ஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொள்வோம். முதலாவதை இரட்டித்து இரண்டாவதைக் கழித்தால் 800. நலமான காது, யாரும் அனுப்பாத அந்த 800 ஹெர்ட்ஸ் ஒலியைத் தானாக உண்டாக்கி வெளியே அனுப்பும்! செல்கள் உந்துவது நேர்விகிதத்தில் இல்லாததால் வரும் திரிபு இது. இப்படியொரு மூன்றாவது சுரம் எழுவதை 18-ஆம் நூற்றாண்டிலேயே டார்டினி என்ற வயலின் வித்வான் கவனித்துச் சொல்லியிருக்கிறார். திரையில் அந்த 800 எழுந்தால் வெளிச் செல்கள் உயிரோடு வேலை செய்கின்றன. எழாவிட்டால் எங்கோ கோளாறு.

ராடார்காரர் ஒருவர் காதைப் பற்றி யோசிக்கிறேன் என்று இன்று ஆராய்ச்சி நிதிக்கு விண்ணப்பித்தால் நம் ஊர்க் குழு முதல் சுற்றிலேயே தள்ளிவிடும். “உங்கள் துறைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? மூன்று ஆண்டில் என்ன பயன்?” முப்பது ஆண்டில் வந்த பயன் இப்போது சிசுவின் காதில் செருகும் ரப்பர் முனையாக இருக்கிறது.

இந்தச் சோதனைக்கு எல்லை உண்டு. ஆம்ப்ளிஃபயர் ஓடுகிறதா என்பதை மட்டும்தான் இது சொல்லும். அதற்கப்பால் செவி நரம்பு செய்தியை ஒழுங்காகக் கொண்டுபோகாவிட்டால், இதில் தேறிவிட்டுக் கேட்காமலே இருக்கும் பிள்ளைகளும் உண்டு. அதனால்தான் சிலருக்கு பெரா சோதனை. நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் மின்முனை ஒட்டி, பிள்ளை தூங்கும்போது மூளைத்தண்டு வரை செய்தி போகிறதா என்று பார்ப்பார்கள். சொந்தத்தில் கல்யாணமா என்றும் கேட்பார்கள், கோபித்துக்கொள்ளாதீர்கள். பிறவிச் செவிட்டுத்தன்மையில் கணிசமான பங்கு, தாய் தந்தை இருவரிடமிருந்தும் ஒரே பழுதான மரபணு வந்து சேர்வதால் வருவது. மாமன் மகளைக் கட்டும் ஊரில் அந்தக் கேள்விக்கு அர்த்தம் இருக்கிறது.

ஒரு மாதத்துக்குள் முதல் சோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதி, ஆறு மாதத்துக்குள் சிகிச்சை. பல நாடுகளில் இதுதான் இலக்கு. பி.சி.ஜி. ஊசி போடாமல் சிசுவை வீட்டுக்கு அனுப்பாத நாம், சில நிமிடம் பிடிக்கும் இந்தச் சோதனையை இன்னும் எல்லாப் பிரசவ வார்டுகளிலும் வழக்கமாக்கவில்லை. காப்பீட்டுத் திட்டத்தில் லட்சக்கணக்கில் செலவழித்து காக்லியர் இம்ப்ளான்ட் இலவசமாக வைக்கிற மாநிலம் இது. அதற்கு முந்தைய படிக்கும் அதே மனசு வேண்டும்.

அக்கா பேரனுக்கு வருவோம். திரையில் ‘ரெஃபர்’ என்று வந்தது, அதாவது தேறவில்லை, மேலும் பார்க்க வேண்டும். அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. ஆடியாலஜிஸ்ட் பதறவில்லை, இன்னொரு கருவியால் காதில் காற்றழுத்தத்தை ஏற்றி இறக்கிப் பார்த்தார். செவிப்பறை ஒழுங்காக அசைந்தால் மலைபோல ஒரு வளைவு வரும். இவனுக்கு வந்தது தட்டையான கோடு. சளி பிடித்துப் பிடித்து நடுச்செவியில் திரவம் தேங்கியிருந்தது. உள்ளே போகும் சத்தத்துக்கும் தடை, வெளியே வரும் காதின் குரலுக்கும் தடை. பெரும்பாலும் சில மாதங்களில் தானே வடிந்துவிடும், வடியாவிட்டால் வைத்தியம் இருக்கிறது. மூன்று மாதம் கழித்து மறுபடி வரச் சொன்னார்.

அதோடு வேலை முடியவில்லை. பேச்சுத் தாமதத்துக்குக் காது ஒரு காரணம், அது ஒன்றே காரணமாக இருக்கும் என்று சொல்ல முடியாது. அதனால் தெரபிஸ்ட் அவனைத் தரையில் உட்காரவைத்து விளையாடினார். பார்க்கிறவர்களுக்கு வெறும் விளையாட்டு. “பாட்டி, பந்தை எடுத்துட்டு வரச் சொல்லுங்க. ஆனா கையை மடியிலேயே வச்சுக்குங்க, பந்தைப் பார்க்கவும் பார்க்காதீங்க” என்றார். அக்கா சொன்னாள். பையன் அசையவில்லை, அவள் முகத்தையே பார்த்தான். அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது: வீட்டில் அவன் நம் சொல்லைக் கேட்டு நடக்கவில்லை, நம் முகவாயும் கண்ணும் போகும் திசையைப் பார்த்து நடந்திருக்கிறான்.

அப்புறம் சோப்புக் குமிழி ஊதினார். பையன் கைகொட்டிச் சிரித்தான். டப்பாவை இறுக மூடி அவன் முன்னால் வைத்துவிட்டு, வேறெங்கோ பார்ப்பதுபோல் உட்கார்ந்துகொண்டார். அந்த அறையில் நடந்த மிகக் கறாரான பரீட்சை அதுதான். டப்பாவைத் திருகிப் பார்த்தான், முடியவில்லை. எடுத்துக்கொண்டு போய் அவர் உள்ளங்கையில் வைத்தான். இதுவரை எல்லாப் பிள்ளைகளும் செய்வார்கள். அடுத்து என்ன செய்கிறான் என்பதுதான் கேள்வி. அவன் நிமிர்ந்து அவர் கண்ணைப் பார்த்தான், டப்பாவைப் பார்த்தான், மறுபடி கண்ணைப் பார்த்து “ஆ” என்றான். தெரபிஸ்ட் மூடியைத் திறந்தபடியே ஏதோ குறித்துக்கொண்டார். கையை ஒரு கருவியாகப் பிடித்து இழுக்காமல், எதிரே இருப்பவரும் ஒரு ஆள், அவரிடம் கேட்கலாம் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. ஒரு வயதை ஒட்டி விரல் நீட்டிக் காட்டுவதும் இதே திறன்தான். இது வராத குழந்தைக்கு விசாரணை வேறு திசையில், ஆட்டிசம் பக்கமாகப் போகும்.

கடிதம் எழுதிய பாட்டி கடைசியாக ஒன்று கேட்டிருந்தார்: வசம்பைச் சுட்டு நாக்கில் தேய்க்கலாமா? வேண்டாம். பேச்சு நாக்கின் தடிப்பில் இல்லை. வசம்பில் உள்ள பீட்டா-அசரோன் எலிகளுக்குப் புற்றுநோய் உண்டாக்கியதால், 1968 முதல் அமெரிக்காவில் அதை உணவில் சேர்க்கவே தடை. “அவங்கப்பனும் மூணு வயசுலதான் பேசினான்” என்று காத்திருப்பது அதைவிட மோசம். இரண்டு வயதில் இரண்டு சொல்லைச் சேர்த்து ‘அப்பா வா’ என்று வராவிட்டால் காட்டிவிடுவதுதான் முறை.

தனியாரிடம் செலவு கட்டுப்படியாகாவிட்டால் உங்கள் மாவட்டத்தின் அரசு ஆரம்பகால இடையீட்டு மையத்தைக் கேளுங்கள், தூரமானாலும் பரவாயில்லை என்றால் முட்டுக்காட்டிலும் மைசூரிலும் மத்திய அரசு நிறுவனங்கள் இருக்கின்றன. மூக்கு ஒழுகும் வாரத்தில் போகாதீர்கள். பேரன் மதியம் தூங்கும் நேரமாகப் பார்த்து அப்பாயின்ட்மென்ட் வாங்கிக்கொள்ளுங்கள். அன்று காலையில் மட்டும் அவனைத் தூங்க விடாதீர்கள், பஸ்ஸில் போகும்போதும்தான்.