சொல்லடைவு: 'ஃபுல் டெக்ஸ்ட் இண்டெக்ஸ்' என்பதற்கு ஏற்ற சொல்

இலத்தீனில் 'இண்டெக்ஸ்' என்றால் சுட்டுவிரல். காட்டிக்கொடுப்பவன், உளவு சொல்பவன் என்ற பொருளும் அதற்கு உண்டு. தமிழில் அதே விரலை ஆட்காட்டி விரல் என்கிறோம். விரல் காட்டிய திசையிலிருந்து நூலின் கடைசிப் பக்கங்களுக்கும், அங்கிருந்து தரவுத்தளத்துக்கும் அந்தச் சொல் இடம்பெயர்ந்தது.

தமிழாக்கத்தில்தான் குழப்பம். பாடநூல்கள் 'சுட்டெண்' என்கின்றன. அணியில் ஓர் உறுப்பு எத்தனையாவது இடத்தில் இருக்கிறது என்பதைக் குறிக்க அது பொருத்தமான சொல். அங்கே உண்மையிலேயே ஓர் எண் இருக்கிறது. தரவுத்தள இண்டெக்ஸ் எண் அன்று, வரிசைப்படுத்தி வைத்த ஒரு தனி அமைப்பு. 'அட்டவணை' என்று எழுதுவோரும் உண்டு. ஆனால் 'டேபிள்' என்பதற்கு அந்தச் சொல்லைக் கொடுத்தாகிவிட்டது. 'அட்டவணைக்கு ஓர் அட்டவணை உருவாக்குக' என்று எழுதினால் யாருக்கு விளங்கும்?

என் தேர்வு 'அடைவு'. முறை, ஒழுங்கு என்பது அதன் பழைய பொருள்களுள் ஒன்று. 'அடைவே' என்றால் முறையே. கணினித் தமிழாக்கங்கள் சிலவற்றில் 'டைரக்டரி'க்கும் இதைப் பயன்படுத்தியிருக்கிறார்கள் என்பது ஒரு தொல்லைதான். இப்போது கோப்புறை என்ற சொல் நிலைத்துவிட்டதால், அடைவைத் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம்.

உரைக்குள் எங்கிருக்கும் சொல்லையும் தேடும் முழு உரைத் தேடலுக்கு உரிய சொல்லையோ புதிதாக ஆக்கவே தேவையில்லை. ஒரு நூலில் வரும் ஒவ்வொரு சொல்லையும் அகரவரிசையில் அடுக்கி, அது வரும் இடங்களை எதிரே குறிக்கும் தொகுப்பைத் தமிழறிஞர்கள் சொல்லடைவு என்றே அழைத்துவருகிறார்கள். சங்க நூல்களுக்கு அப்படிப்பட்ட அடைவுகள் உண்டு. ஐரோப்பாவில் 13ஆம் நூற்றாண்டிலேயே செயின்ட்-ஷேரின் ஹியூ என்ற துறவியின் தலைமையில் விவிலியத்துக்கு இப்படி ஒன்றைத் தொகுத்தார்கள். கணினியியலார் 'இன்வெர்ட்டட் இண்டெக்ஸ்' என்று சொல்வது இதைத்தான். 'தலைகீழ்ச் சுட்டெண்' என்ற மொழிபெயர்ப்பைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கை அரிக்கிறது.

சாதாரண அடைவும் சொல்லடைவும் எங்கே பிரிகின்றன என்பதை எஸ்க்யூலைட்டில் தெளிவாகப் பார்க்கலாம். ரிச்சர்ட் ஹிப் 2000இல் வெளியிட்ட உட்பொதி தரவுத்தளம் அது: தனி சர்வர் கிடையாது, செயலிக்குள்ளேயே இயங்கும், தரவு முழுவதும் ஒரே கோப்பில் இருக்கும். அதன் சாதாரண அடைவு பி-மரம் என்ற கிளைபிரியும் அமைப்பு. மதிப்புகளை முதலெழுத்திலிருந்து வரிசைப்படுத்தி வைப்பது. உரையின் ஒரு பகுதியை வைத்துத் தேடும் 'லைக்' கட்டளையில் தேடுசொல்லின் இருபுறமும், 'இங்கே எதுவும் வரலாம்' என்று பொருள்படும் விழுக்காட்டுக் குறி (%) போட்டால், சொல் எந்த எழுத்தில் தொடங்குகிறது என்பதே தெரியாது. வரிசை இருந்தும் பயனில்லை. எஸ்க்யூலைட் எல்லா வரிகளையும் முதலிலிருந்து படித்துத்தான் ஆகவேண்டும். வினவலுக்கு முன்னால், அது எப்படி நிறைவேறும் என்று காட்டும் 'எக்ஸ்பிளெயின் குவரி பிளான்' சேர்த்துப் பாருங்கள். 'ஸ்கேன்' என்று வந்தால் முழு வாசிப்பு, 'சர்ச்' என்று வந்தால் தேடி எடுப்பது. இதில் ஒரு விதிவிலக்கு உண்டு: சொல்லடைவு அட்டவணையில், அதற்கே உரிய தேடல் கட்டளையான 'மேட்ச்' போட்டுத் தேடினாலும் 'ஸ்கேன்' என்றே காட்டும். அதன் பின்னே 'வர்ச்சுவல் டேபிள் இண்டெக்ஸ்' என்று இருப்பதைப் படிக்காமல் பதறுகிறவர்கள் உண்டு.

2015இல் வந்த முழு உரைத் தேடல் நீட்சியான எஃப்டிஎஸ்5தான் எஸ்க்யூலைட்டின் இன்றைய சொல்லடைவு. பொருத்தம் மிகுந்தது முதலில் வர 'ஆர்டர் பை ரேங்க்' என்று எழுதி, முடிவுகளின் எண்ணிக்கைக்கு 'லிமிட்' வைத்தால் போதும். மதிப்பீட்டுக்கு, பொருத்தத்தை எண்ணாக்கித் தரும் பிஎம்25 சூத்திரம். இங்கே அது எதிர்ம எண்ணாக வருவதால் சிறிய எண்ணே சிறந்த பொருத்தம்.

ஆனால் சொல்லடைவு எழுதுகிறவருக்குச் சொல் எது என்று தெரிந்திருக்க வேண்டுமே. எஃப்டிஎஸ்5 இயல்பாகப் பயன்படுத்தும் 'யூனிகோட்61' என்ற சொற்பிரிப்பி எழுத்துகளையும் எண்களையும் மட்டுமே சொல்லின் பகுதியாகக் கொள்கிறது. நம் உயிர்மெய்க் குறிகளையும் புள்ளியையும் யூனிகோட் எழுத்தாக வகைப்படுத்தவில்லை, 'குறி' என்கிறது. விளைவு: 'வீடு' என்ற சொல் 'வ', 'ட' என்று இரண்டு துண்டாகிவிடும். வீடு என்று தேடினால் விடை, வாடை, வாடு எல்லாம் வந்து நிற்கும். 'பல்' என்று தேடினால் 'பல' வரும். பிழைச்செய்தி எதுவும் இல்லாமல் அபத்தமான முடிவுகள் வருவதால், இதைக் கண்டுபிடிப்பது கடினம்.

தீர்வு ஒரே வரிதான். அட்டவணையை உருவாக்கும்போது சொற்பிரிப்பியின் 'கேட்டகரீஸ்' அமைப்பில், ஏற்கெனவே உள்ள வகைகளோடு எம்என், எம்சி என்ற இரண்டு குறி வகைகளையும் சேர்த்துவிட வேண்டும். நம் குறிகள் இந்த இரண்டிலும் பரவிக் கிடப்பதால் ஒன்றை மட்டும் சேர்த்தால் பாதிதான் சரியாகும்.

அடுத்தது வேற்றுமை உருபு. வீடு, வீட்டில், வீட்டுக்கு ஆகியவை மூன்றும் அடைவில் மூன்று தனிச் சொற்கள். உடன் வரும் 'போர்ட்டர்' வேர்ச்சொல் பிரிப்பி ஆங்கிலத்துக்கு மட்டும். எனவே 'வீட' என்று எழுதி உடுக்குறி (*) இட்டு முன்னொட்டாகத் தேடுவதே எளிய வழி. 'டு', 'ட்' இரண்டிலும் அடியில் இருப்பது 'ட' என்பதால் மூன்று வடிவங்களும் அகப்படும். வீடியோவும் கூடவே வரும், பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான். இத்தகைய தேடல் அடிக்கடி நடக்குமானால் 'பிரிஃபிக்ஸ்' அமைப்பில் 3 என்று கொடுத்து முன்னொட்டுக்குத் தனி அடைவு வைக்கலாம். இந்த 3 என்ற கணக்கு யூனிகோட் குறியீடுகளில்; உயிர்மெய்க் குறியும் தனியே எண்ணப்படும். 'வீட' நமக்கு இரண்டு எழுத்து, அதற்கு மூன்று.

சொல்லின் நடுவிலும் தேடவேண்டும் என்றால் 2020இல் சேர்ந்த 'டிரைகிராம்' பிரிப்பி இருக்கிறது. அது சொல்லையே பார்ப்பதில்லை. உரையை மும்மூன்று குறியீடுகளாக நறுக்கி அடுக்குகிறது. கோப்பு பெருக்கும், ஆனால் 'லைக்' தேடலும் அடைவைப் பயன்படுத்தி விரைவாகும். இதைச் சொல்லடைவு என்பது தகாது. துண்டடைவு என்று எழுதுகிறேன். இதை நம்பிச் செயலி செய்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: மூன்று குறியீடுகளுக்குக் குறைந்த சொல்லை 'மேட்ச்' தேடல் கண்டுபிடிக்காது. பூ, தீ, கை, பை எல்லாம் இரண்டே குறியீடுகள்.