பழமைத் தோற்றம் வெளிப்பக்கத்தோடு நிற்கட்டும்

“கீழடியில் தோண்டி எடுத்த மாதிரியே ஒரு கப் வேண்டும்” என்று கேட்டு வருகிறவர்கள் இப்போது அதிகம். செய்து தரலாம். கிளேஸில், அதாவது மண்பாண்டத்தின் மேல் பூசிச் சுடும் கண்ணாடி போன்ற பூச்சில், கொஞ்சம் சிலிக்கான் கார்பைடு கலந்தால் சூளையில் வாயு கிளம்பி மேற்பரப்பு குழிகுழியாகப் பொங்கி நிற்கும். மண்ணில் புதைந்த வெண்கலத்தின் களிம்புப் பச்சைக்குத் தாமிர ஆக்சைடு. பளபளப்பை மங்கவைக்கப் பலர் பேரியம் கார்பனேட் சேர்ப்பார்கள். சுவரில் மாட்டும் தட்டு என்றால் கவலையே இல்லை. ரசம் ஊற்றும் கிண்ணம் என்றால்தான் யோசிக்க வேண்டும்.

நன்றாக உருகிய கிளேஸ் கிட்டத்தட்ட கண்ணாடி. உலோகங்களைத் தனக்குள் பிடித்து வைத்துக்கொள்ளும். தாமிரம் மிகுந்த, மங்கலான கிளேஸ்கள் பலவற்றுக்கு அந்தப் பிடிப்பு குறைவு. புளியோ தயிரோ பட்டால் உலோகம் கரைந்து இறங்கும். வெள்ளீயம் பூசாத பித்தளையில் பாட்டி ரசம் வைக்காததற்கும் இதுதான் காரணம். காரீயம் உள்ள கிளேஸில் தாமிரமும் சேர்ந்தால் காரீயம் இன்னும் அதிகமாக வெளியேறும்.

என் பட்டறைக்கு ஒருவர் கொண்டுவந்த பச்சைக் கிண்ணத்தில் ஓர் எலுமிச்சைத் துண்டை இரவு முழுக்க வைத்தேன். காலையில் துண்டு இருந்த இடம் மட்டும் வட்டமாக வெளிறியிருந்தது. அடியில் ‘ஃபுட் சேஃப்’ ஸ்டிக்கர் வேறு! ஆனால் நிறம் மாறவில்லை என்பதற்காகப் பாத்திரம் தேறிவிட்டதாக நினைக்காதீர்கள். காரீயம் சுவடே காட்டாமல் இறங்கும். ஆய்வகத்தில் 4% அசிட்டிக் அமிலத்தை ஊற்றி 24 மணி நேரம் வைத்து அளப்பதே சரியான சோதனை.

அப்புறம், கீழடியில் கிடைத்த கறுப்பு-சிவப்புப் பானையில் கிளேஸே கிடையாது. சுடும்போது காற்றுப் படாத பக்கம் கறுத்தது, பட்ட பக்கம் சிவந்தது, அவ்வளவுதான். குறைந்த வெப்பத்தில் சுட்ட மண் என்பதால் தண்ணீரை உறிஞ்சும். கடையில் அதே தோற்றத்தைக் கறுப்புப் பெயின்டில் கொண்டுவந்திருந்தால் அதில் சாப்பிட வேண்டாம்.

நான் செய்வது இப்படி: 1200 டிகிரிக்கு மேல் சுட்டால் கல்போல இறுகும் ஸ்டோன்வேர் களிமண். உள்ளே முழுக்க வழவழப்பான வெள்ளை அல்லது நிறமற்ற கிளேஸ். அதுவே விளிம்பைத் தாண்டி வெளியே இரண்டு விரல் அகலம் இறங்கும், உதடு படும் இடமல்லவா. களிம்பும் குழியும் அதற்குக் கீழே மட்டும். வாங்கும்போது உள்பக்கத்தைத் தடவிப் பாருங்கள், உள்ளே என்ன கிளேஸ் என்று கேளுங்கள். வீட்டுக்கு வந்ததும் தண்ணீர் ஊற்றி ராத்திரி முழுக்கச் செய்தித்தாள் மேல் வையுங்கள். தாள் நனைந்திருந்தால் அது பேனா போட்டு வைக்கத்தான்.