ரிமோட்டா, பிளேயரா? ஓட்டத்துக்கு வாட்ச் வாங்கும் முன்

ஓட்ட வாட்சுகள் பாட்டை இரண்டு விதமாகக் கையாளுகின்றன. ஒரு வகையில் பாட்டு போனிலேயே ஓடும். நிறுத்துவது, மாற்றுவது, சத்தத்தைக் கூட்டுவது மட்டும் வாட்சின் வேலை. அதாவது ரிமோட். இன்னொரு வகையில் பாட்டு வாட்சின் நினைவகத்திலேயே இருக்கும். அங்கிருந்து நேராக இயர்போனுக்குப் போகும். இது பிளேயர். கார்மின் ஃபோர்ரன்னர் 55 முதல் வகையைச் சேர்ந்தது. ஃபோர்ரன்னர் 165 என்றால் சாதா மாடல் ரிமோட் மட்டும். ‘165 மியூசிக்’ மாடலில் பாட்டு சேமிக்க 4 ஜிபி இடமும் வைஃபையும் கூடுதலாக உண்டு. பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான், விலை வேறு. பாதுகாப்புக்காகவோ வீட்டு அழைப்புக்காகவோ போனை எப்படியும் எடுத்துக்கொண்டு ஓடுபவர் அந்தக் கூடுதல் பணத்தைக் கொடுக்க வேண்டியதில்லை என்பதே எங்கள் கருத்து. காரணம் புளூடூத்தில் இருக்கிறது.

ரிமோட் வகையில் ‘அடுத்த பாட்டு’ பட்டனை அழுத்தினால் வாட்சிலிருந்து போனுக்குப் போவது சில பைட் தகவல்தான். அது குறைந்த மின்சக்தி புளூடூத் வழியாகப் போகிறது. வாட்சும் போனும் எந்நேரமும் பேசிக்கொண்டிருப்பதில்லை. முன்கூட்டியே பேசிவைத்த இடைவெளியில் ஒருமுறை ரேடியோவைத் திறந்து, அனுப்ப ஏதாவது இருந்தால் அனுப்பிவிட்டு, உடனே மூடிவிடுகின்றன. இந்த இடைவெளி 7.5 மில்லி விநாடி முதல் 4 விநாடி வரை எதுவாகவும் இருக்கலாம். பேட்டரியை மிச்சப்படுத்த அதைக் கொஞ்சம் நீட்டி வைப்பார்கள். பட்டனை அழுத்தி அரை விநாடியோ ஒரு விநாடியோ கழித்துப் பாட்டு மாறுவது இதனால்தான், வாட்சில் பழுது என்று நினைக்க வேண்டாம். பொறுக்காமல் மறுபடி அழுத்தினால் இரண்டு பாட்டு தாண்டிவிடும்.

கட்டளை போனுக்குப் போய்ச் சேர்ந்த பிறகு நடப்பதில்தான் பெரும்பாலான தொல்லைகள். ஐபோனில் பாட்டுக் கட்டளைகளை வாங்கிக்கொள்ளும் வசதி இயங்குதளத்துக்குள்ளேயே இருக்கிறது. இணைத்த வாட்ச் அதனிடம் நேரடியாகப் பேசலாம். ஆண்ட்ராய்டில் பெரும்பாலும் வாட்ச் நிறுவனத்தின் செயலி நடுவில் நின்று கட்டளையைக் கைமாற்ற வேண்டும். எந்தப் பாட்டு ஓடுகிறது என்று தெரிந்துகொள்ள அந்தச் செயலிக்கு அறிவிப்புகளைப் படிக்கும் அனுமதி வேண்டும். முதல் முறை இணைக்கும்போது அது கேட்கும். பலர் யோசிக்காமல் மறுத்துவிட்டு, பிறகு வாட்சில் பாட்டின் பெயர் வரவில்லை என்று கடைக்காரரிடம் போகிறார்கள். இன்னொரு சிக்கல், பேட்டரியைச் சேமிக்கிறேன் என்று போனே அந்தச் செயலியைப் பின்னணியில் மூடிவிடுவது. வீட்டிலிருந்து கிளம்பும்போது வேலை செய்த ரிமோட் 20 நிமிடத்தில் செத்துப்போனால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். போனின் அமைப்புகளில் அந்தச் செயலியைத் திறந்து, பேட்டரி என்ற பகுதியில் ‘கட்டுப்பாடு இல்லை’ என்று மாற்றினால் சரியாகிவிடும். சமீபத்திய செயலிகளின் பட்டியலிலிருந்து அதைத் தள்ளி மூடும் பழக்கத்தையும் விட வேண்டும்.

ரிமோட்டுக்கு ஒரு பெரிய அனுகூலம் உண்டு. போனில் எந்தச் செயலியில் பாடினாலும் பெரும்பாலும் கட்டுப்படுத்தலாம். பாட்டு, பாட்காஸ்ட், ஒலிப்புத்தகம் எல்லாம் ஒன்றுதான். பிளேயர் வகையில் அப்படியில்லை. நீங்கள் சந்தா கட்டும் பாட்டுச் சேவை அந்த வாட்சுக்கென ஒரு செயலி வைத்திருக்க வேண்டும். இருந்தாலும் கட்டணச் சந்தா இல்லாமல் பாட்டை இறக்க விடாது. அது இல்லையென்றால் சொந்தமாக வைத்திருக்கும் எம்பி3 கோப்புகளை யுஎஸ்பி கேபிள் வழியாக ஏற்றிக்கொள்ளலாம். பணம் கட்டும் முன் உங்கள் சேவையின் பெயர் வாட்சின் செயலிக் கடையில் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.

அடுத்தது உடம்பு. புளூடூத் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்குகிறது. நம் உடம்பில் பெரும்பகுதி தண்ணீர். அது இந்த அலையை நன்றாக உறிஞ்சிவிடும். வீட்டுக்குள் அலை சுவரிலும் கூரையிலும் பட்டுத் திரும்பி வேறு வழியாக வந்து சேர்ந்துவிடுவதால் குறை தெரியாது. திறந்த மைதானத்தில் திருப்பி அனுப்பச் சுவர் இல்லை. ஹாலில் நன்றாகப் பாடிய இயர்போன் கடற்கரைச் சாலையில் விட்டு விட்டுப் பாடுவதற்குக் காரணம் இதுதான். கட்டளை தொலைந்தால் மறுபடி அனுப்பிக்கொள்ளலாம், நமக்குத் தெரியக்கூடத் தெரியாது. ஆனால் பாட்டின் ஒலி இடைவிடாமல் ஓட வேண்டியது. இயர்போனில் ஒலியை முன்கூட்டியே சேர்த்து வைக்கும் இடம் மிகக் கொஞ்சம் என்பதால் சிறு தடையும் உடனே காதில் கேட்கும். ஆகவே பிளேயர் வாட்ச் வாங்குபவர் அதை எந்தக் கையில் கட்டுகிறோம் என்பதைக் கவனிக்க வேண்டும். தனித்தனி இயர்போன்கள் பலவற்றில் ஒரு பக்கம்தான் முதலில் ஒலியை வாங்கி மறுபக்கத்துக்குத் தருகிறது. வாட்சை அந்தப் பக்கக் கையில் கட்டினால் தடங்கல் குறையும். போனிலிருந்து கேட்பவர்கள் அதைப் பின் பாக்கெட்டில் வைக்காமல் மேற்கையில் பட்டையில் கட்டிக்கொள்ளலாம்.

பட்டனா தொடுதிரையா என்று கேட்டால், தயங்காமல் பட்டன். தொடுதிரை விரலால் ஏற்படும் மின்தேக்க (மின்னூட்டம் தேங்கும் அளவின்) மாற்றத்தை உணர்ந்து வேலை செய்கிறது. திரைமேல் வியர்வை படர்ந்தால் எது விரல், எது நீர் என்று அதற்குப் புரியாமல் போகும். சென்னையின் காலைப் புழுக்கத்தில் மூன்றாவது கிலோமீட்டரிலேயே மணிக்கட்டு நனைந்துவிடும். பாட்டை நிறுத்தப் போய் ஓட்டப் பதிவையே நிறுத்தியவர்கள் உண்டு. கடையில் வாட்சைக் கையில் வாங்கியதும் ஓட்டப் பதிவைத் தொடங்கச் சொல்லுங்கள். அது ஓடிக்கொண்டிருக்கும்போதே பாட்டுத் திரைக்குப் போய், ஒரு பாட்டு மாற்றி, திரும்பி வர எத்தனை அழுத்தல் என்று பாருங்கள், அதுவும் விரலை நனைத்துக்கொண்டு. சில மாடல்களில் ஒரு பட்டனை அழுத்திப் பிடித்தால் நேராகப் பாட்டுத் திரை வரும். சிலவற்றில் ஓட்டத்தை இடைநிறுத்தினால்தான் அங்கே போக முடியும், அது வேண்டாம்.

பதிவு விஷயத்தில் முதலில் தூரம். ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்திலிருந்து 1575.42 மெகாஹெர்ட்ஸில் அனுப்பும் மிக மெல்லிய அலையை வாட்ச் பிடிக்கிறது. ஒவ்வொரு செயற்கைக்கோளும் தன் இருப்பிட விவரத்தை முழுதாகச் சொல்லி முடிக்க 30 விநாடி எடுக்கும். போன் செயலி இணையத்திலிருந்து அந்த விவரத்தை முன்கூட்டியே வாட்சில் இறக்கி வைத்திருந்தால் சில விநாடிகளில் இடம் கிடைத்துவிடும். அது சில நாளில் காலாவதியாகும் என்பதால், வாட்சை ஒரு வாரம் போனோடு இணைக்காமல் விட்டவருக்கு அன்றைக்கு ஜிபிஎஸ் பிடிக்க நேரமாகும்.

உயர்ந்த கட்டடங்களுக்கு நடுவே அலை சுவரில் மோதிச் சுற்றி வருவதால் தாமதமாக வந்து சேரும். வாட்ச் அதை நம்பி உங்களைச் சாலையின் எதிர்ப்பக்கம் வரைந்துவிடும். இரட்டை அலைவரிசை வாட்சுகள் 1176.45 மெகாஹெர்ட்ஸையும் கேட்கின்றன. அதில் செயற்கைக்கோள் அனுப்பும் குறியீடு பத்து மடங்கு வேகமாக மாறுவதால் நேராக வந்த அலையையும் சுற்றி வந்ததையும் பிரித்தறிவது எளிது. ஜிபிஎஸ் போல இடம் காட்டும் இஸ்ரோவின் நாவிக் செயற்கைக்கோள்களும் இதே 1176.45-இல் பேசுகின்றன, 2023 மே மாதம் ஏவிய என்விஎஸ்-01 செயற்கைக்கோள் முதல் 1575.42-ஐயும் சேர்த்திருக்கிறார்கள். பூங்காவிலும் கடற்கரையிலும் மட்டும் ஓடுபவருக்கு ஒற்றை அலைவரிசை போதும். அண்ணா சாலை போன்ற இடத்தில் ஓடுபவர் இரட்டைக்குக் காசு கொடுக்கலாம்.

வாங்கிய வாட்ச் சரிதானா என்று பார்க்க 400 மீட்டர் ஓடுதளம் போல நல்ல இடமில்லை. முதல் தடத்தில், உள்விளிம்பிலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளி ஓடினால் ஒரு சுற்று சரியாக 400 மீட்டர். பத்துச் சுற்றுக்கு 4 கிலோமீட்டர் வர வேண்டும். இரண்டாம் தடத்தில் ஓடினால் சுற்றுக்குச் சுமார் 7 மீட்டர் கூடும், அதை வாட்சின் பிழை என்று எண்ணிவிடக் கூடாது.

இதயத் துடிப்பில்தான் மணிக்கட்டு வாட்சுகள் அதிகம் தடுமாறுகின்றன. அடியில் தெரியும் பச்சை ஒளி தோலுக்குள் போகிறது. ரத்தம் பச்சையை உறிஞ்சும் என்பதால் ஒவ்வொரு துடிப்பிலும் திரும்பி வரும் ஒளி கொஞ்சம் குறைந்து கூடும். அந்த ஏற்ற இறக்கத்தைத்தான் வாட்ச் எண்ணுகிறது. ஸ்ட்ராப் தளர்வாக இருந்தால் கை வீச்சில் வாட்ச் ஆடி அதே போன்ற இன்னொரு ஏற்ற இறக்கத்தை உண்டாக்கும். அப்போது வாட்ச் துடிப்பை விட்டுவிட்டுக் காலடிகளை எண்ணத் தொடங்கும். இதைக் கண்டுபிடிப்பது சுலபம்: மெதுவாக ஓடத் தொடங்கிய இரண்டாம் நிமிடமே துடிப்பு 170 காட்டுகிறது, நிமிடத்துக்கு அடிகளும் 170 என்றால் வாட்ச் ஏமாந்துவிட்டது. மணிக்கட்டு எலும்புக்கு இரண்டு விரல் மேலே தள்ளி, தோலோடு ஒட்டும்படி இறுக்கிக் கட்டுங்கள். பச்சை குத்திய இடத்தின் மேல் கட்ட வேண்டாம், மை ஒளியைத் தடுக்கும். வேகத்தை மாற்றி மாற்றி ஓடும் பயிற்சிக்கு மார்புப் பட்டைதான் நம்பகமானது. அது இதயத்தின் மின்துடிப்பையே நேரடியாக எடுக்கிறது. அதன் மின்முனைகளைக் கட்டும் முன் தண்ணீரில் நனைக்க வேண்டும். உலர்ந்திருந்தால் வியர்க்கும்வரை தாறுமாறாகக் காட்டும். வெளிப்பட்டையை ஏற்காத வாட்சுகளும் சந்தையில் இருக்கின்றன, கேட்டு வாங்குங்கள்.

பேட்டரிக்குப் பெட்டியில் போட்டிருக்கும் ‘நாள்’ கணக்கைப் பார்க்காதீர்கள், ஜிபிஎஸ் மணிக்கணக்கைப் பாருங்கள். பிளேயர் வகை என்றால் ஜிபிஎஸ்ஸோடு பாட்டும் ஓடும்போது எத்தனை மணி நேரம் என்று தனியாக ஒரு எண் கொடுத்திருப்பார்கள். ஒலியை இடைவிடாமல் அனுப்ப ரேடியோ விழித்தே இருக்க வேண்டியிருப்பதால் அந்த எண் வெறும் ஜிபிஎஸ் மணிக்கணக்கில் பாதியைவிடக் கீழே இறங்கிவிடுவது சகஜம். ரிமோட்டாகப் பயன்படுத்தினால் அப்படி இறங்காது. மாரத்தானை 5 மணி நேரத்தில் முடிப்பவர், பழசாகும்போது லித்தியம் பேட்டரியின் கொள்ளளவு தேயும் என்பதையும் சேர்த்து, தான் பயன்படுத்தப் போகும் முறையில் குறைந்தது 8 மணி நேரம் தாங்கும் மாடலைப் பார்க்கலாம்.