பழைய போட்டோவை ஜூம் செய்யச் சொல்லும் முன்

ராயபுரத்தில் வீடியோ எடிட்டிங் செய்கிறேன். கல்யாண வேலைக்கு அடுத்தபடி என்னிடம் அதிகம் வருவது நினைவு நாள் வீடியோக்கள். காசிமேட்டிலிருந்து ஒரு பெண் வாட்ஸ்அப்பில் படம் அனுப்பியிருந்தார். விசைப்படகின் முன்னால் பன்னிரண்டு பேர் நிற்கும் குரூப் போட்டோ. "அண்ணா, இந்தப் பக்கத்துலருந்து மூணாவதா நிக்கிறதுதான் அப்பா. மொகம் மட்டும் பெருசா வரணும். வேற போட்டோவே இல்ல."

படத்தின் அகலம் 1600 பிக்சல் (படம் உருவாகும் சின்னப் புள்ளிகள்). அப்பாவின் முகம் 90 பிக்சல்தான். 1080 பிக்சல் உயரமுள்ள வீடியோவில் பாதித் திரைக்கு வர ஆறு மடங்கு பெரிதாக்க வேண்டும். செய்து பார்த்தேன். கண் இருந்த இடத்தில் சாம்பல் நிறக் கட்டங்கள்தான் தெரிந்தன. ஏஐ ஆப்பில் தெளிவாக்கலாமே என்றார் உறவினர். இல்லாத விவரத்தை அது ஊகித்து வரையும். வருவது வேறு யாருடைய முகமோ. அதை அந்த மகளிடம் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

"ஒரிஜினல் போட்டோ வீட்ல இருக்காம்மா?" என்று கேட்டேன். சுவரில் மாட்டியிருந்ததாம். கண்ணாடியைக் கழற்றி, 6 அங்குல பிரிண்டை 600 டிபிஐயில், அதாவது அங்குலத்துக்கு 600 புள்ளியாக, ஸ்கேன் செய்தேன். அகலம் 3600 பிக்சல், முகம் 200. தோளில் கிடந்த துண்டின் கரைகூடத் தெரிந்தது. அதற்குப் பிறகும் ஒன்றரை மடங்கோடு நிறுத்திக்கொண்டேன்.

உங்கள் வீட்டிலும் பிரிண்ட் இருந்தால் அதையே கொடுங்கள். போனில் அனுப்பத்தான் வேண்டுமென்றால் டாக்குமென்ட்டாக அனுப்புங்கள், படம் சுருங்காது.

எடிட் பழகும் தம்பிகளுக்கு ஒன்று. பிரீமியர் எடிட்டிங் மென்பொருளில் பெரிய படத்துக்கு 'ஸ்கேல் டு ஃப்ரேம் சைஸ்' கொடுத்தால் படம் சீக்வென்ஸ் (நாம் எடிட் செய்யும் வீடியோ) அளவுக்குச் சுருங்கிவிடும், பிறகு ஜூம் செய்தால் உடையும். 'செட் டு ஃப்ரேம் சைஸ்' கொடுங்கள், பிக்சல் அப்படியே இருக்கும்.

படகின் மூக்கில் தொடங்கி, அப்பாவின் முகத்துக்கு எட்டு விநாடியில் மெதுவாக நகர்த்தினேன். பொசிஷன் (இடம்), ஸ்கேல் (அளவு) இரண்டின் கீஃப்ரேம்களும், அதாவது அசைவு தொடங்கும், முடியும் நேரக் குறிகளும், ஒரே நேரத்தில் தொடங்கி ஒரே நேரத்தில் முடிய வேண்டும், இல்லையென்றால் படம் வழுக்கும். கடைசி கீஃப்ரேமுக்கு, அசைவு மெதுவாகி நிற்க, 'ஈஸ் இன்' கொடுத்து, முகம் நின்றபின் இரண்டு விநாடி அசைக்காமல் விட்டேன். பார்ப்பவர்களுக்கு அந்த இரண்டு விநாடி வேண்டும்.

வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் வைக்க, போனை நிமிர்த்திப் பார்க்கும் நெட்டுவாக்கு வீடியோவும் அந்தப் பெண் கேட்டார். முடிந்த வீடியோவையே கிராப் செய்தால் 1920 அகலத்தில் 608 பிக்சல்தான் மிஞ்சும், படகு போய்விடும். ஸ்கேனிலிருந்தே தனி டைம்லைனில், படகிலிருந்து அப்பாவுக்கு மறுபடி நகர்த்தினேன்.