தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் மனநல மருத்துவரிடம் வருகிறவர்கள்

புரட்டாசி முடியும்போதே புறநோயாளிப் பிரிவில் பேச்சு மாறிவிடும். தூக்கம் வரவில்லை, நெஞ்சு படபடக்கிறது என்று ஐம்பது வயதுக்காரர்கள் வருவார்கள். ஈசிஜி, சர்க்கரை எல்லாம் பார்த்தாகிவிட்டது, கோளாறு ஒன்றுமில்லை. உட்காரவைத்துப் பேசினால் மகளுக்குத் தலை தீபாவளி என்பது தெரியவரும்.

சட்டைப்பையில் மடித்த காகிதம் ஒன்று இருக்கும். மாப்பிள்ளைக்கு மோதிரம், பட்டுப்புடவை, சம்பந்தி வீட்டுக்குத் துணி, பலகாரம், பட்டாசு. ஒவ்வொன்றுக்கும் எதிரே தொகை எழுதியிருப்பார். கூட்டிப் போடும் இடம் மட்டும் காலியாக இருக்கும். "அரைப் பவுனாவது போடணும் டாக்டர், இல்லன்னா பொண்ணு அங்க எப்படித் தலைநிமிர்ந்து நிப்பா?" வட்டிக்கு வாங்கியது மனைவிக்குத் தெரியாது, மகளுக்கும் தெரியாது. ராத்திரி முழுக்க அவர் ஒருவர்தான் அந்தக் கணக்கைப் போட்டுக்கொண்டிருக்கிறார்.

இவர்களுக்குத் தூக்க மாத்திரை எழுதுவதற்கு முன்னால் வீட்டாரை வரச் சொல்வேன். அந்தக் காகிதத்தை எல்லோர் முன்னாலும் வைத்து மொத்தத்தைப் போடச் சொல்வேன். பெரும்பாலும் "எனக்கு இது வேண்டாம்பா" என்று முதலில் சொல்வது மகள்தான். ஆனால் பேச்சைப் பண்டிகைக்கு முதல் நாள் வைத்தால் சண்டையில்தான் முடியும். போனஸ் வருவதற்கு முன்பே பேசிவிடுவது நல்லது.

எனக்கு இதைவிடப் பெரிய கவலை ஒன்று உண்டு. அளவுமீறிய உற்சாகமும் ஆழ்ந்த சோர்வும் மாறி மாறி வரும் பைபோலார் எனப்படும் இருதுருவ மனநோய்க்கு மாத்திரை சாப்பிட்டு நன்றாக இருக்கும் பிள்ளைகள், சென்னையிலிருந்து ராத்திரி பஸ்ஸில் ஊருக்கு வருகிறார்கள். மறுநாள் ராத்திரி சொந்தக்காரர்களோடு பேச்சு. அதற்கடுத்த நாள் நாலு மணிக்கு எண்ணெய்க் குளியல். அடுத்தடுத்த ராத்திரிகளில் தூக்கம் போயிற்று. மாத்திரையை அறையிலேயே மறந்திருப்பார்கள், அல்லது அண்ணன் தம்பிகளோடு குடிப்பதற்காக நிறுத்தியிருப்பார்கள். இந்த நோயில் தூக்கம் கெடுவது ஒன்றே நோயைத் திரும்பக் கிளப்பிவிடப் போதும். இரண்டு மணி நேரம் தூங்கியும் களைப்பே இல்லை, பேச்சு வேகமாகிறது, கண்டதையெல்லாம் வாங்குகிறான் என்றால் வீட்டில் பண்டிகைக் குஷி என்று விட்டுவிடுகிறார்கள். தயவுசெய்து விடாதீர்கள், அன்றே மருத்துவரிடம் பேசுங்கள். கங்கா ஸ்நானத்தை ஆறு மணிக்கு வைத்துக்கொண்டால் ஒன்றும் குறைந்துவிடாது. இந்த நோய்க்கு லித்தியம் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குப் பலகாரம் ஒத்துக்கொள்ளாமல் வாந்தி, வயிற்றுப்போக்கு வந்தாலும் உடனே மருத்துவரைக் கேளுங்கள். உடம்பில் நீர் வற்றினால் ரத்தத்தில் அந்த மருந்தின் அளவு ஏறிவிடும்.

அப்புறம், குடி. தீபாவளி அமாவாசைக்கு மறுநாள் கந்த சஷ்டி விரதம் தொடங்குகிறது. தினமும் நிறையக் குடித்தவர்கள் விரதத்துக்காக அன்றோடு சட்டென்று நிறுத்துவார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் நிறுத்திய ஒன்றிரண்டு நாளில் கை நடுக்கமும் வலிப்பும் வரலாம். இரண்டு மூன்று நாளில் இல்லாத உருவங்கள் தெரிந்து புத்தி தடுமாறலாம். இது உயிருக்கே ஆபத்து. விரதம் தொடங்குவதற்கு முன்பே மருத்துவரைப் பார்த்தால், மருந்தோடு பத்திரமாக நிறுத்தலாம்.

அந்த வருடம் சாவு நடந்த வீட்டுக்கு மற்றவர்கள் போய்ச் சும்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாலே பெரிய உதவி. "இன்னும் அழுதுட்டே இருக்கியா?" என்று மட்டும் கேட்காதீர்கள். தீபாவளியன்று முன்னோருக்குப் புதுத்துணி வைத்துப் படைக்கும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. போனவர் பெயரைச் சொல்லி வாய்விட்டு அழ அந்த நேரம் இடம் கொடுக்கிறது. அதைச் சீக்கிரம் முடிக்கச் சொல்லி அவசரப்படுத்த வேண்டாம்.

"நான் இல்லாமப் போனா உங்களுக்கெல்லாம் நிம்மதி" என்று வீட்டில் யாராவது சொன்னால், பண்டிகை நாளில் என்ன பேச்சு என்று அதட்டாதீர்கள். சாகணும்னு தோணுதா என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. அவரைத் தனியே விடாதீர்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ல் 24 மணி நேரமும் இலவசமாக, தமிழிலேயே பேசலாம். அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவு தீபாவளியன்றும் திறந்திருக்கும்.