ஜெப நோட்டில் சிவப்பு மை

உபவாசக் கூட்டத்தில் நாற்பது வயதுப் பெண் ஒருவர் மயங்கி விழுந்திருக்கிறார். பரிசுத்த ஆவியின் வல்லமையில் விழுந்துவிட்டார் என்று நினைத்துச் சுற்றி நின்றவர்கள் ஸ்தோத்திரம் சொல்லியிருக்கிறார்கள். நல்லவேளை, கூட்டத்தில் ஒரு நர்ஸ் இருந்தார். கையைத் தொட்டால் வியர்த்து ஜில்லென்று இருந்ததாம். உடனே ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார். சர்க்கரை 48. காலையில் சர்க்கரை மாத்திரையைப் போட்டுக்கொண்டு நாள் முழுக்கப் பட்டினி கிடந்தால் வேறென்ன ஆகும்?

குளுக்கோஸ் ஏற்றி எழுப்பி உட்காரவைத்த டாக்டர், அவரோடு பேசிப் பார்த்துவிட்டு என்னிடம் அனுப்பினார். நான் மனநல ஆலோசகர். ஆலயத்தில் பாடகர் குழுவிலும் இருக்கிறேன், அதனால் கிறிஸ்தவத்தைக் குறை சொல்லக் கிளம்பிவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். இந்த வருடத்தில் இப்படி வந்தவர்களில் இவர் நாலாவது ஆள். அவருடைய சம்மதத்தோடு, அடையாளங்களை மாற்றித்தான் எழுதுகிறேன்.

முதல் நாள் பையிலிருந்து ஒரு நீள நோட்டை எடுத்து வைத்தார். கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதுகிறவர், கட்டம் எல்லாம் சுத்தமாகப் போட்டிருந்தார். தேதி, வாசித்த அதிகாரம், ஜெபித்த நிமிடம், உபவாசம், பாவ அறிக்கை. விட்டுப்போன நாளெல்லாம் சிவப்பு மையில். மகனுக்கு டைபாய்டு வந்த வாரத்துக்கு நேராக ஒரு நட்சத்திரக் குறி. அதற்கு முந்தின வாரம் இரண்டு நாள் அதிகாலை ஜெபம் விட்டுப்போனதாம்.

"எவ்வளவு பண்ணினாலும் சமாதானம் வரலக்கா. எங்கயோ கணக்கு இடிக்குது" என்றார்.

சமாதானம் இல்லை என்று போய்ச் சொன்ன இடத்தில் எல்லாம் அவருக்குக் கிடைத்த ஒரே பதில், "இன்னும் கொஞ்சம் ஜெபிங்க." இந்த ஒரு வரியைக் கேட்டாலே எனக்குக் கோபம் வரும். தாகத்தில் கிணறு வெட்டி ஓய்ந்துபோனவனிடம் இன்னும் நாலு அடி வெட்டு என்று சொல்வதைப் போன்றது அது. ஜெபம் கெட்டது என்றா சொல்கிறேன்? ஜெபத்தை வேலையாக்கி, சமாதானத்தை அதற்குச் சம்பளமாக்கிவிட்டோம் என்கிறேன்.

"சங்கத்துல யாருக்காவது சம்பளம் கொடுத்தா, அன்பளிப்புன்னு எழுதுவீங்களா?" என்று கேட்டேன். சிரித்தார். "ஆடிட்ல மாட்டிக்குவேன்க்கா." சரி, அன்பளிப்பைச் சம்பளக் கணக்கில் எழுதினால் மட்டும் மாட்டமாட்டோமா? ரோமர் 4:4 இதைத்தான் சொல்கிறது: 'கிரியை செய்கிறவனுக்கு வருகிற கூலி கிருபையென்றெண்ணப்படாமல், கடனென்றெண்ணப்படும்.' கிருபை என்றால் தகுதி பார்க்காமல் தருவது. அதற்குத் தகுதியாகிறேன் என்று கிளம்பினால் அதற்குப் பெயர் கிருபையே இல்லை. ஞாயிறு பள்ளிப் பிள்ளை கூட இதை ஒப்பிக்கும். ஆனால் திங்கட்கிழமை காலை முதல் நாம் நடப்பதெல்லாம் வருகைப்பதிவேட்டுக் கணக்கில்தான்.

சொத்தை அழித்துவிட்டு அப்பாவிடம் திரும்பி வரும் கெட்ட குமாரன் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். கூலிக்காரரில் ஒருவனாக வைத்துக்கொள்ளும் என்று கேட்கத்தான் அவன் மனதில் வசனம் தயார் செய்துகொண்டு வருகிறான். லூக்கா 15-ஐ மெதுவாக வாசியுங்கள். அந்த வரியை அவன் சொல்லவே இல்லை, அதற்குள் தகப்பன் வஸ்திரம் கொண்டுவரச் சொல்லிவிடுகிறார். இத்தனை வருஷம் ஊழியம் செய்தேனே என்று கணக்கு நோட்டைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வெளியே நிற்பவன் அவனுடைய அண்ணன், மூத்தவன். என்னிடம் வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் மூத்தவர்கள்தான்.

இது ஒன்றும் புது நோய் இல்லை. 1505-ல் ஜெர்மனியின் எர்ஃபுர்ட் மடத்தில் சேர்ந்த, பின்னாளில் திருச்சபைச் சீர்திருத்தத்தைத் தொடங்கிய மார்ட்டின் லூத்தர், உபவாசத்தில் உடம்பைக் கெடுத்துக்கொண்டு, மணிக்கணக்காகப் பாவ அறிக்கை செய்து, அதைக் கேட்ட தன் மூத்த குரு ஸ்டாவ்பிட்ஸையே அலுக்கவைத்தவர். மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி ஆக்ஸ்போர்டில் புதன், வெள்ளி உபவாசம் என்று அட்டவணை போட்டு வாழ்ந்தவர். 1738 மே 24 அன்று லண்டன் ஆல்டர்ஸ்கேட் தெருக் கூட்டமொன்றில், ரோமர் நிருபத்துக்கு லூத்தர் எழுதிய முன்னுரையை ஒருவர் வாசிக்கக் கேட்டபோதுதான் அவர் மனம் இளகியது. அதற்கப்புறமும் சந்தேக நாட்கள் வந்ததை அவரே நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். சமாதானம் என்றால் இருபத்துநாலு மணி நேரமும் நெஞ்சு குளிர்ந்தே இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பவர்கள் இதைக் கவனிக்கவும். 1706-ல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கும் லூத்தர் வழிவந்த லூத்தரன் சபைக்காரர்தான். முந்நூறு வருடத்துக்கு முன்பே நம் ஊருக்கு வந்த செய்தி இது, நாம்தான் மறந்துவிட்டோம்.

'அப்போ எப்படி வேண்டுமானாலும் வாழலாமா?' என்று கேட்பீர்கள். ரோமர் 6 வாசியுங்கள், கூடவே கூடாது என்று பவுலே பதில் சொல்லிவிட்டார்.

என் துறை சம்பந்தப்பட்டது ஒன்று. செய்த ஒரே பாவத்தைத் திரும்பத் திரும்ப அறிக்கையிட்டு, பத்து நிமிடம் நிம்மதி, மறுபடியும் 'சரியாகச் சொன்னேனா' என்ற சந்தேகம், மறுபடி முழங்கால். இது மாதக்கணக்கில் ஓடினால் விசுவாசக் குறைவு என்று முத்திரை குத்தாதீர்கள். ஓசிடி, அதாவது ஒரே எண்ணமும் செயலும் விடாமல் திரும்பத் திரும்ப வரும் மனநோய், இப்படியும் வரும். கத்தோலிக்கக் குருமார்கள் நூற்றாண்டுகளாக இதை அறிந்திருக்கிறார்கள். லத்தீனில் அவர்கள் வைத்த பெயருக்குப் பொடிக்கல் என்று அர்த்தம். செருப்புக்குள் சிக்கிய கல்லை நினைத்துக்கொள்ளுங்கள். சிகிச்சை இருக்கிறது, மாத்திரையும் இருக்கிறது, இரண்டும் பலன் தருகின்றன.

சர்க்கரை நோயாளிகள், கர்ப்பிணிகள், வலிப்புக்கு மருந்து எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் உபவாசம் இருக்காதீர்கள். விசுவாசத்தில் மாத்திரையை நிறுத்துகிறேன் என்று கிளம்பாதீர்கள். கூட்டத்தில் யாராவது விழுந்தால் முதலில் மூச்சைப் பாருங்கள், ஸ்தோத்திரம் அப்புறம் சொல்லலாம். வாழ்ந்து பிரயோஜனமில்லை என்று ஒருவர் சொன்னால் ஜெபக்குறிப்பில் எழுதிக்கொண்டு போய்விடாதீர்கள். கூடவே இருங்கள், டாக்டரிடம் அழைத்துப்போங்கள், அரசின் மனநல உதவித் தொலைபேசி டெலி மனஸ் 14416, எந்நேரமும் எடுப்பார்கள். போதகர்களே, உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன்: சூரைச்செடியின் கீழே செத்துப்போக வேண்டும் என்று கேட்ட எலியா தீர்க்கதரிசியிடம் தூதன் ஜெபிக்கச் சொல்லவில்லை. அடை சுட்டுக் கொடுத்தான், தண்ணீர் கொடுத்தான், தூங்கவிட்டான், மறுபடியும் எழுப்பிச் சாப்பிடச் சொன்னான்.

அந்தப் பெண் போன வாரம் நோட்டு இல்லாமல் வந்தார். தூக்கிப் போட்டுவிட்டீர்களா என்று கேட்டேன். "இல்லக்கா, பீரோவுல வச்சுப் பூட்டிட்டேன். சாவிய அவர்கிட்ட குடுத்துட்டேன்" என்றார். காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டேன். நாலு இட்லி.